குளக்கரையில் அழுத பிள்ளையும் கடற்கரையில் அழும் பிள்ளையும்



சீகாழிப் பதியிலே, திருத்தோணியப்பர் சந்நிதியை அடுத்த தீர்த்தக்கரையிலே, மூன்று பிராயத்துக் குழந்தையொன்று தனியே நின்று அழுத வரலாற்றை நம்மவருள் அறியாதார் இலர். தந்தையாராகிய சிவபாதவிருதயர் குழந்தையைக் கரையில் இருத்தி, நீரினுள்ளே மூழ்கி மந்திரம் செபித்திருந்தார். சிறிது பொழுது தாழ்த்தது. தந்தையைக் காணாத பிள்ளை நீரைப் பார்த்தது. கண்களைக் கையாற் பிசைந்தது. பின்னர்த் திருத்தோணிச் சிகரத்தை நோக்கித் தாய் தந்தையரைக் கூவி அழுதது. அவ்வழுகைக்கு இரங்கி அம்மையப்பர் விடைமேல் எழுந்தருளினார் எனச் சேக்கிழார் சுவாமிகள் அருளிச்செய்வர்.

எழுந்தருளியவர் செய்தது யாது என்பதனை நாம் இன்று சற்றே நின்று நோக்குதல் வேண்டும். ஆண்பிள்ளை அழலாகாது என்று அம்மையார் சொன்னாரல்லர். எப்பிறப்பிலோ நீ செய்த வினை இது என்று சொன்னாரல்லர். பொற்கிண்ணத்திலே பாலைக் கறந்து, அதனுடனே சிவஞானத்தைக் குழைத்து ஊட்டினார், கண்ணீரைத் துடைத்தார், கிண்ணத்தைப் பிள்ளையின் கையிலே கொடுத்தார். அழுகை தீர்ந்தது. முதற்றேவாரம் அதன் பின்னரே பிறந்தது. பால் முன்னர் வந்தது. பாட்டுப் பின்னர் வந்தது. நீரினின்றும் எழுந்த தந்தையாரோ, பிள்ளையின் வாயிலே பால் வழியக் கண்டு, அதனைத் தந்தவர் யாரெனக் கோலெடுத்து அதட்டினார். சிவபத்தியிற் சிறந்த அப்பெரியாருக்கே கோல் முந்திக்கொண்டதாயின், நம்மனோரைச் சொல்வானேன்!

சீகாழித் தந்தையார் நீரினின்றும் மீண்டார். மீளாத தந்தையரும் தாயரும் உடன்பிறந்தாரும் எத்துணையர் என்பதனை மட்டக்களப்பு வாவிக்கரை வாழ்வார்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பூரணை, கோயில்தோறும் திருவெம்பாவை ஓதப்பெறுங் காலம். அன்று காலை சுமாத்திராத் தீவினருகே கடலடி நிலம் பிளந்து நடுங்கிற்று. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை நமது கீழ்கரையை அடைந்தது. வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த நாவலடி என்னும் ஊர் பெரும்பாலும் அழிந்தொழிந்தது. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி, ஓடுதற்கு இடமேது? கல்லடி, கல்லாறு, வாகரை என வடக்குந் தெற்குமாகக் கரையோரப் பதிகள் யாவும் துயருற்றன. இலங்கை முழுவதிலும் அன்று மாண்டார் 30,000க்கு மேற்பட்டோர். அவருள்ளே சிறுவர் மிகப் பலர்; அலையை எதிர்த்து ஓடவும் நீந்தவும் வலியற்றவர் அவரன்றோ.

நமது நாட்டிலே எழுவான்கரை, படுவான்கரை என இரண்டு கரைகள் உள. கடல் சினந்தால் எழுவான்கரை அழும். வானம் சினந்தால் படுவான்கரை அழும். 1957 ஆம் ஆண்டு வெள்ளத்தை முதியோர் இன்னும் மறந்திலர். 1978 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23 ஆந் திகதி இரவு வீசிய சூறாவளி இரண்டு கரைகளையும் ஒருசேரப் புடைத்தது, கூரைகள் பறந்தன, தலைமுறை தலைமுறையாகப் பேணிய தென்னந் தோப்புகள் ஓரிரவிலே சாய்ந்தன. 2011 ஆம் ஆண்டு தை மாதத்துப் பெருமழையிலே படுவான்கரை வயல்களும் ஊர்களும் நீருள் ஆழ்ந்தன. சூறாவளி இரவிலே கட்டிலின் கீழ்ப் பதுங்கியிருந்த பிள்ளைகள் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டவர்; அவருள்ளும் கார்த்திகை மாதத்துக் காற்று ஓலமிடும்பொழுது விளக்கை அணைக்க ஒவ்வாதார் உளர். இளமையிலே நெஞ்சிற் பதிந்த அச்சம் தானாகவே தேய்ந்துபோம் என்று கருதுவோர் அவர்களைக் கேட்டறிக.

இனி, இவ்வுரைக்குக் காரணமாகிய பொருளுக்கு வருவோம். பேரிடரின் பின்னர் நம் பிள்ளைகளைப் பாடசாலை ஆசிரியர் ஒருபுறம் காண்கின்றனர். ஞாயிறுதோறும் அறநெறிப் பாடசாலையிலே நாம் காண்கின்றோம். கணக்கும் இலக்கணமும் கற்பிக்கும் ஆசிரியரிடத்துப் பிள்ளை கேளாத வினாவொன்றைச் சமயம் கற்பிக்கும் நம்மிடத்தே கேட்கும். 'என் அம்மா நாள்தோறும் விளக்கு வைத்தவர். அவரைக் கடல் ஏன் கொண்டுபோயிற்று?' 'அப்பர் சுவாமிகள் கல்லோடு மிதந்தாரே. என் தங்கை ஏன் மிதக்கவில்லை?' இவ்வினாக்களுக்கு நம்மவருட் பலர் சட்டென்று எடுத்துக் கொடுக்கும் விடை ஒன்றே: முன்வினை. சொன்னவர் நல்லெண்ணத்தோடே சொல்கின்றார்; சாத்திரம் ஓதினோம் என்ற அமைதியோடு வீடு செல்கின்றார். பிள்ளை அச்சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் என்செய்யும் என்பதனை அவர் எண்ணுகின்றாரல்லர்.

பிள்ளையின் உள்ளம் வினை என்னுஞ் சொல்லைக் குற்றம் என்றே கொள்ளும். தன் தாய் குற்றவாளி. அன்றேல் தான் குற்றவாளி. சிறுபிராயத்தார் தம்மைச் சூழ நிகழும் தீங்குகளுக்குத் தாமே காரணர் என நினைத்தல் இயல்பு என்பதனைக் குழந்தையுளம் ஆராய்ந்தோர் பலரும் எடுத்துரைப்பர். அன்று காலை தாயோடு சண்டையிட்ட பிள்ளை உண்டு. தம்பியின் கையைப் பிடித்திருந்து அலையிலே நழுவவிட்ட பிள்ளை உண்டு. உயிருக்கு ஓடுங்கால் திரும்பிப் பாராத பிள்ளை உண்டு. இவர்கள் அதனை எவர்க்குஞ் சொல்வதில்லை. இரவிலே தனியே அதனை எண்ணி எண்ணி வெதும்புவர். அத்தகைய பிள்ளைக்கு 'வினைப்பயன்' என்று நாம் கொடுக்குஞ் சொல், ஆறாப் புண்ணிலே வேல் நுழைப்பதாய் முடியும். பின்னொருநாள் அப்பிள்ளை சைவத்தை வெறுத்து வேறிடம் சென்றதாயின், அழைத்தவரைக் குறைகூறி நம் பத்திரிகைகளிலே பக்கம் பக்கமாக எழுதுவோம். போக்கியவர் யார் என்று கேளோம்.

அற்றேல், வினைக்கொள்கையை மறைத்துவிடுதலோ எனின், அன்று. சித்தாந்த சைவம் துன்பத்தை ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என மூவகைப்படுத்தும். இடி, காற்று, வெள்ளம் முதலியவற்றான் வருவனவும் இவற்றுள் அடங்கும். அவையும் கன்மத்தின் வழியே வந்து பொருந்தும் என்பதே நூற்றுணிபு. ஆயினும் எவர் வினை, எப்பிறப்பு வினை, எவ்வளவினது என்று அறிந்து கூட்டுவோன் முற்றறிவுடைய இறைவன் ஒருவனே என்பதும் அந்நூல்களின் துணிபேயாம். உயிர்கள் சிற்றறிவின, இறைவன் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்து வந்தவர்போல ஒருவர் மற்றொருவர்க்குத் தீர்ப்புச் சொல்லுதல் எவ்வாற்றானும் பொருந்தாது. வினைக்கொள்கை, ஒருவன் தன் உள்ளத்தைத் தானே நோக்கி, தீமையினின்றும் நீங்கி, இறைவன் திருவடியைப் பற்றுதற்கு அமைந்த விளக்கு. அதனைப் பிறர் முகத்திலே பிடித்தால் கண் கூசுமேயன்றி வழி தோன்றாது. அதிலும் அழுகின்ற பிள்ளையின் முகத்திலே பிடித்தல் மறமேயாம்.

கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிற் கோபுரம் அன்று அலையினாற் சரிந்தும் வீழாது நின்றது. அதனைப் பலரும் முருகப்பெருமான் திருவருள் என்று வியந்தனர். வியத்தல் தக்கதே. ஆயினும் அக்கோபுரத்தைக் காட்டி, வீடிழந்து தாயிழந்து நிற்கும் பிள்ளைக்கு 'பார், கடவுளின் வலிமை' என்பார் ஒருவர் உளராயின், கல்லைக் காத்த கடவுள் தன் தாயைக் காவாததேன் என்று அப்பிள்ளை உள்ளே கேட்கும் வினாவிற்கு அவர் என்ன விடை வைத்திருக்கின்றார்? விடையில்லாத இடத்திலே வாயை மூடிக் கையை நீட்டுதலே சிவதொண்டு. அறியேன் என்று சொல்லும் ஆசிரியரைப் பிள்ளைகள் இகழார். 'எனக்கும் அது தெரியாது அம்மா. ஆனால் உன் தாய் பிழை செய்தவர் அல்லர். நீயும் பிழை செய்தாயல்லை' என்று கைபற்றிச் சொல்லும் ஒருவர் போதும்.

நாயன்மார் இத்தகைய காலங்களிலே என்செய்தார் என்பதற்குத் திருவீழிமிழலை சான்று. நாட்டிலே மழை பொய்த்து வற்கடம் நேர்ந்தபொழுது, சம்பந்தப்பிள்ளையாரும் அப்பமூர்த்திகளும் அப்பதியிலே தங்கியிருந்தனர். பஞ்சம் வினையால் வந்தது என்று பிரசங்கம் செய்தாரல்லர். இறைவன் நாள்தோறும் படிக்காசு அருள, அதனைக் கொண்டு பண்டம் வாங்கி, இரண்டு மடங்களிலும் அடியார்க்கு அமுதளித்தனர். இவ்விடத்திலே சேக்கிழார் சொல்லும் சிறு செய்தியொன்றைப் பலர் விரைந்து கடந்துவிடுவர். பிள்ளையார் மடத்திலே உணவு பிந்தியது. ஏன் பிந்திற்று எனப் பிள்ளையார் கேட்டார். அவர் பெற்ற காசுக்கு வாசி உண்டு, கடைக்காரர் வட்டங் கேட்கின்றனர், அதனாற் பண்டம் வரத் தாழ்க்கின்றது என அமைந்தோர் விடை கூறினர். ஞானசம்பந்தர் அக்குறை நீங்க இறைவனை வேண்டிப் பதிகம் பாடினார். உலகமெல்லாம் வழிபடும் ஞானாசாரியர், சோறு காலந்தாழ்த்து வருவதைப் பொறாமல் இறைவனிடத்தே முறையிட்டார் என்பது எவ்வளவு பெரிய செய்தி!

குறித்த வேளையிற் சோறு. குறித்த வேளையில் உறக்கம். குறித்த வேளையிற் பள்ளி. உலகம் கவிழ்ந்துபோயிற்று என்று நடுங்கும் பிள்ளைக்கு, நாளை இன்னது நிகழும் என்ற உறுதி மீளுதலே முதல் மருந்து. ஆழிப்பேரலையின் பின்னும், 2011 ஆம் ஆண்டு வெள்ளத்தின் பின்னும் நமது பாடசாலைகள் பல அகதி முகாம்களாயின. பிள்ளை படிக்கும் மேசையின்மேல் பானையும் சட்டியும் இருந்தன. அது தவிர்க்கவொண்ணாதது. ஆயினும் தறப்பாளின் கீழேனும் மரநிழலிலேனும் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் பள்ளி நடத்துதல் எளிது. மணியடித்து, பெயர் கூப்பிட்டு, கடவுள் வாழ்த்துப் பாடி, கையெழுத்துப் பழக்கினாலே போதும். பெயர் கூப்பிடுதல் சிறிய காரியமன்று. தன் பெயரை ஒருவர் ஒவ்வொரு நாளும் தேடுகின்றார் என்பது அப்பிள்ளைக்குத் தெரிதல் வேண்டும். இறந்த மாணாக்கரின் பெயரை இடாப்பிலே ஓசையின்றி வெட்டிவிடுதல் தகாது. ஒரு நாள் அவர்களைப் பெயர் சொல்லி நினைந்து, விளக்கேற்றி, அவர் இருந்த இடத்திலே மலர் வைத்துப் பின்னர் அதனைச் செய்க.

விபுலாநந்த அடிகளார் 1929 ஆம் ஆண்டு கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அடிகளாரின் சமாதியும் அவ்வளாகத்திலேயே உளது. யாழ்நூலிலே வாவியின் நீரரமகளிரைப் பாடிய அப்பெருந்துறவி, வறிய பிள்ளைகளுக்கு ஊணும் உறையுளும் எழுத்தும் ஒருங்கே கொடுக்க வேண்டும் எனக் கண்டவர். அந்த ஒருமையை நாம் மறந்துவிட்டோம். ஊண் கொடுப்பவர் ஒருவர், எழுத்துக் கொடுப்பவர் இன்னொருவர், சமயம் கொடுப்பவர் வேறொருவர் எனப் பிரித்துக்கொண்டோம். பிள்ளை பிரிந்து வருவதில்லை.

தாய்தந்தையரை இழந்த பிள்ளைகள் மீண்டும் வாழ்வு பெறுவது எங்ஙனம் என்பதற்குத் திருவாமூரிலே சிறந்த உதாரணம் உளது. புகழனாரும் மாதினியாரும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். மூத்தவராகிய திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையாரும் போரிலே பட்டார். அவ்வம்மையார் உயிர்விடத் துணிந்தார். இளையவராகிய மருணீக்கியார் அவர் அடிகளிலே வீழ்ந்து அழுது, தமக்கையார் இறப்பின் தாம் முந்தி இறப்பதாகச் சொன்னார். தம்பி உயிர்வாழ வேண்டும் என்ற தயையினால் அம்மையார் உயிர்தாங்கினார். இழந்த ஒருவர்க்கு, தம்மை நம்பியிருக்கும் இன்னொருவர் உளர் என்னும் எண்ணமே உயிர்ப்பிடி ஆயிற்று. மருணீக்கியாரோ சோகத்திலே முடங்கிக் கிடவாது, தம் பொருளைக் கொண்டு அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்தார், சோலை வைத்தார், குளந் தொட்டார், விருந்தினரைப் பேணினார். அவரே பின்னர்த் திருநாவுக்கரசர் ஆயினார். அவர் கல்லோடு மிதந்த அற்புதத்தை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி, அவர் பெற்றோரை இழந்த பிள்ளை என்பதனைச் சொல்லாது விடுகின்றோம். இடருற்ற ஊரிலே முதலிற் சொல்ல வேண்டிய பகுதி அதுவே.

ஆதலின் இழந்த பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தல் வேண்டும். வெறும் இரக்கத்தைப் பெறுபவராகவே அவரை இருத்திவைத்தல் தீது. சிறியவர்க்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒருவர், பூக்கொய்ய ஒருவர், மரக்கன்றுக்கு நீர்வார்க்க ஒருவர் என ஏவுக. அவர்களைப் படம்பிடித்துக் காட்சிப்படுத்துதலும், பை கொடுக்கும்பொழுது வரிசையில் நிறுத்தி நன்றி சொல்லச் செய்தலும், 'சுனாமிப் பிள்ளை' என்று பெயரிட்டழைத்தலும் அறவே கூடா. ஒரு நாளின் துயரத்தைப் பிள்ளைக்கு ஆயுட்பெயராக்குதல் கொடுமை. இத்தொண்டிலே சைவப்பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, கிறித்தவப் பிள்ளை என்னும் பேதமும் வேண்டா; அலை அப்பேதம் பார்த்து வந்திலது.

பிள்ளைகளைப் பேசவிடுதல் பற்றி இக்காலத்து மருத்துவர் கண்ட முடிபுகளையும் நாம் அறிதல் நன்று. யாழ்ப்பாணத்து வடமராட்சியிலே மணற்காட்டு முகாமிலிருந்த 8 முதல் 14 பிராயத்துப் பிள்ளைகள் 31 பேரை, பேரலைக்குப் பின்னர் இரண்டு பிரிவாக வகுத்து, ஆறாறு அமர்வுகள் துணைசெய்தனர். ஒரு பிரிவினர் தாம் பிறந்தது தொட்டு அன்றுவரை நிகழ்ந்தவற்றை, போரும் பேரலையும் உட்பட, ஒழுங்காகக் கதைபோல எடுத்துச் சொல்லினர். மற்றப் பிரிவினர் மூச்சை அடக்கி உடலைத் தளர்த்தித் தியானம் பயின்றனர். ஆறு மாதங்களின் பின்னர் முதற்பிரிவிலே நூற்றுக்கு 81 பேரும், இரண்டாம் பிரிவிலே நூற்றுக்கு 71 பேரும் நோய்நிலை நீங்கியிருந்தனர் என 2009 ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வு கூறும். தொகை சிறிது, ஆயினும் பொருள் பெரிது. சிதறிய நினைவைத் தொடர்புபடுத்தி ஒருவர் செவிகொடுக்கச் சொல்லுதலும், மனத்தை ஓரிடத்தே நிறுத்துதலும் இரண்டும் பயன்தந்தன. இரண்டும் நமக்குப் புதியன அல்ல; நம்மிடத்தே துருப்பிடித்துக் கிடப்பன.

வற்புறுத்திப் பேசுவித்தல் மட்டும் ஆகாது. வந்த மறுநாளே பிள்ளைகளைச் சூழவிருத்தி, நடந்ததைச் சொல் சொல் என்று நெருக்குதல் நன்மை தாராது என்பதனால், ஐக்கிய நாடுகளின் அமைப்புகளும் பிற தொண்டமைப்புகளும் கூடி 2007 ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிகள் அதனை விலக்கின. பிள்ளை விரும்பும்பொழுது சொல்லும். சொல்லாதாயின் வரையும், மண்ணிலே விளையாடும். கடல் வந்து வீட்டை விழுங்குவதாக மீண்டும் மீண்டும் ஒரே விளையாட்டை ஆடும் பிள்ளையை அதட்டுவார் உண்டு. அது அப்பிள்ளை தனக்குத் தானே செய்யும் மருத்துவம் என்றறிக. போரினால் நொந்த பிள்ளைகளுக்கென 1996 ஆம் ஆண்டு மட்டக்களப்பிலே தொடங்கப்பெற்ற வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலே, ஓவியமும் களிமண்ணும் கதையும் நாடகமுமே மருந்தாயின. தொடங்கியோருள் ஒருவர் கிறித்தவ குருவானவர். நல்லது எங்கிருப்பினும் கற்றுக்கொள்வதிலே சைவத்துக்கு இழிவில்லை.

பெரும்பாலான பிள்ளைகள் உற்றார் அணைப்பினாலும் பள்ளி ஒழுங்கினாலும் சில மாதங்களிலே தேறுவர். தேறாதாரும் உளர். பல மாதங்கள் சென்றும் உறக்கமின்றி அலறுவோர், பேச்சொழிந்தோர், முன்பில்லாதவாறு படுக்கையை நனைப்போர், சாக விரும்புவதாகச் சொல்வோர் ஆகியோரைப் பேய்பிடித்தவர் என்று பார்வை பார்க்கக் கொண்டு திரியாது, மட்டக்களப்பு வைத்தியசாலையின் உளமருத்துவர்பால் அழைத்துச் செல்க. நூல் கட்டுதலும் திருநீறிடுதலும் வேண்டாவென்று நாம் சொல்லோம். திருநீறிட்டே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லலாம்.

இனி, பிதிர்க்கடன் பற்றி ஒரு வார்த்தை. துயரத்தைப் பிள்ளைகளுக்கு மறைத்தல் நன்று என்று எண்ணுவார் நம்முள் மிகுதி. தாய் வேலைக்காக மத்திய கிழக்குக்குப் போயிருக்கின்றாள், வருவாள் என்று சொல்லி வைப்பார் உண்டு. அண்டை வீட்டுத் தாயர் அங்ஙனம் சென்று மீளுதலைக் காணும் பிள்ளை, வாயிலைப் பார்த்துப் பார்த்து ஆண்டுகளைக் கழிக்கும். பின்னர் உண்மை அறியும்நாளிலே தாயை இழந்த துயரோடு, பெரியோர் சொல்லை நம்பும் உரிமையையும் இழக்கும். இறந்தார் இறந்தார் என்றே மென்மையாகச் சொல்க. உடல் கிடையாதார்க்குத் தருப்பையினால் உருவமைத்துக் கிரியை செய்யும் முறை நம் சமயத்திலே உளது. அதனை நிறைவேற்றுமிடத்துப் பிள்ளைகளை அறையிலே பூட்டிவையாது அருகே இருத்துக. அமிர்தகழி மாமாங்கேசுரர் தீர்த்தத்திலே ஆடி அமாவாசைதோறும் தந்தையை இழந்தோர் ஆயிரமாயிரமாகக் கூடி நீராடுகின்றனர். அங்கே நிற்கும் சிறுவன், தந்தையற்றவன் தான் ஒருவனே அல்லன் என்பதனை எவருஞ் சொல்லாமலே காண்பான். அச்சந்தந்த நீரையே பெரியோர் கைபற்றிப் புண்ணிய தீர்த்தமாகத் தொடவும் பழகுவான். மூழ்குதற்கு அஞ்சுவானாயின் வற்புறுத்தற்க. கரையிலிருந்து தலையிலே தெளித்துக்கொள்ளினும் தீர்த்தமே.

வைகாசித் திங்களிலே கண்ணகையம்மன் கோயில்களில் நிகழும் குளிர்த்திச் சடங்கைச் சிறுதெய்வ வழிபாடென்று இகழ்வார் நம் சைவ அறிஞருட் சிலர். யாம் அவர் கட்சியை ஏற்கமாட்டோம். ஊரெல்லாம் திரண்டு, கொதிப்பெல்லாம் தணிகவென்று பாடிக் குளிர்விக்கும் அச்சடங்கிலே, பிள்ளை தன் ஊரார் மடியிலே உறங்கி விழிக்கின்றது. ஆகமம் வல்லார் ஆயிரம் பேர் சொல்லாலே கொடுக்கவியலாத ஆறுதல் அங்கே உளது.

அச்சத்துக்கு மற்றொரு மருந்து அறிவு. கடல் ஏன் பொங்கிற்று என்பதனைப் பிள்ளைகளுக்குத் தெளிவுறச் சொல்லல் வேண்டும்: கடலடி நிலம் நடுங்கினால் அலை எழும், கரையிலே நீர் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினால் அது வேடிக்கையன்று, ஓடுதற்கு அறிகுறி. அன்று இதனை அறியாமையினாலே வறண்ட கடற்படுகையைப் பார்க்கச் சென்று மாண்டார் பலர். 2012 ஆம் ஆண்டு ஏப்பிரில் 11 ஆந் திகதி சுமாத்திராவின் அருகே மீண்டும் பெருநடுக்கம் நேர்ந்தபொழுது, எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் உள்நாடு நோக்கி அகன்றனர், பேரலை வந்திலது. வீண் அலைச்சல் என்று முணுமுணுத்தாரும் உளர். பிள்ளைகளோ, ஓடுதற்கு வழியும் நேரமும் உண்டு என்று அன்று கற்றனர். டிசம்பர் 26 ஆந் திகதி காலை 9.25 முதல் இரண்டு நிமிடம் நாடெங்கும் மௌனம் அனுட்டிக்கும் வழக்கம் உளது. அந்நாளிலே பிள்ளைகளை மேட்டுநிலம் வரை ஒருமுறை நடத்திச் சென்று, எவர் எவரைக் கைபற்றுவது என்பதனைப் பழக்கினால், மௌனத்தின் பின்னர் செய்தற்கு ஒரு செயலும் இருக்கும்.

கடைசியாக, சொல்ல நாணும் செய்தி ஒன்று. வடகீழ்ப் பகுதியிலே தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் 296 பேரைப்பற்றி 2008 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, போரும் பேரலையும் செய்த புண்ணோடு, வீட்டிலே தந்தையின் குடியும் அடியும் சேர்ந்து பிள்ளையின் உள்ளத்தைக் கெடுத்தலை எடுத்துக்காட்டிற்று. வலையும் தோணியும் இழந்த தகப்பன், வயல் அழிந்த தகப்பன், துயரை மறக்கச் சாராயத்தை நாடுகின்றான். அலைக்குத் தப்பிய பிள்ளை அவன் கைக்குத் தப்பவில்லை. இதற்குக் கடலைக் குறைசொல்ல முடியாது. சூரன்போர் பார்க்கத் திரளும் நம் அன்பர்கள், அயல்வீட்டுப் பிள்ளை அலறும் ஒலி கேட்டுக் கதவைத் தட்டவும் திரளுதல் வேண்டும். அத்தகப்பனையும் அவமதியாது, தொழில் மீளக் கைகொடுத்துத் திருத்துக; அவனும் கரையிலே அழும் பிள்ளையே.

கார்த்திகை மாதத்து மழை ஒவ்வோராண்டும் வரும். வாவி பெருகும். அறநெறிப் பாடசாலை நடத்தும் ஆசிரியர்காள்! வெள்ளம் வடிந்தபின் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் நும்மிடம் வருவர். சிலர் சீருடையின்றி, சிலர் புத்தகமின்றி, சிலர் தம் தம்பியரின்றி வருவர். அன்று புத்தகத்தைத் திறவற்க. பெயர்களைக் கூப்பிடுக. வாராதவர் வீட்டுக்கு ஒருவரை அனுப்புக. காலையில் உண்ணாதவர் எவரெனக் கேட்டு, கஞ்சியாயினும் காய்ச்சி ஊட்டுக. அழுபவரை அழவிட்டு அருகிருக்க. பின்னர் எல்லாருங் கூடி அவர்கள் நன்கறிந்த பதிகமொன்றைப் பாடுக, புதியது வேண்டா. அன்றைய பாடத்தை அடுத்த ஞாயிற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

திருச்சிற்றம்பலம்